வழி கேட்டு வந்தவர், வழி சொல்லிப் போனார்

கல்கத்தாவின் தெருக்களுக்குச் சரித்திரம் எழுதியவர் ஒரு மலையாளி தட்டச்சர். பி. தங்கப்பன் நாயர் மறைந்த பிறகு கொல்கத்தாவுக்கும் மற்ற நகரங்களுக்கும் அவர் விட்டுச் சென்றிருப்பது புத்தகங்கள் மட்டுமல்ல, ஒரு கேள்வியும்தான்.

கொல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் தெருவின் பெயர் ஹோ சி மின் சரணி. முன்னாளில் அது ஹாரிங்டன் தெரு. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த 1960களின் கடைசியில், வங்கத்தில் இடதுசாரிகளின் கை ஓங்கிய நேரத்தில், பெயர் மாறியது. அமெரிக்கா யாரை எதிர்த்துச் சண்டை போட்டதோ அவருடைய பெயரையே தூதரகம் தன் முகவரியாக எழுத வேண்டியதாயிற்று. கல்கத்தாக்காரர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை இது.

சரி, அந்த ஹாரிங்டன் யார்? இப்படிக் கேட்டால் ரசித்துச் சொன்னவர்களில் பலர் விழிப்பார்கள். பழைய கல்கத்தாவின் தெருக்களைப் பற்றி இதுபோன்ற சந்தேகம் வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் கை நீட்டுவது ஒரு கனமான புத்தகத்தை நோக்கித்தான். 1987-ல் வெளிவந்த ‘எ ஹிஸ்டரி ஆஃப் கல்கட்டாஸ் ஸ்ட்ரீட்ஸ்’. தெருத் தெருவாக, பெயர் வந்த வகையைத் தேடித் தொகுத்த புத்தகம்.

எழுதியவர் வங்காளி அல்ல. எந்தப் பல்கலைக்கழகத்திலும் சரித்திரப் பேராசிரியராக இருந்தவரும் அல்ல. கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியிலிருந்து 1955-ல் வேலை தேடி வந்த 22 வயது இளைஞர். 63 ஆண்டுகள் கல்கத்தாவில் வாழ்ந்து, அந்த நகரத்தைப் பற்றியே அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களில் பெரும்பகுதியை எழுதிவிட்டு, 2018 நவம்பரில் ஊர் திரும்பினார். 2024 ஜூன் 18 அன்று தமது 91-வது வயதில் காலமானார். அப்போது கல்கத்தா பத்திரிகைகள் தங்கள் வீட்டுப் பெரியவரை இழந்ததுபோல எழுதின. ‘வெறுங்கால் சரித்திரக்காரர்’ என்று பல ஆண்டுகளாக அவரை அழைத்து வந்ததும் இதே பத்திரிகைகள்தான்.

டைப்பிங் படித்த தலைமுறை

தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் இந்தக் கதையின் தொடக்கம் நன்கு பழகியது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தெருக்கோடி இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு பம்பாய்க்கோ டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேறுவது. கல்கத்தாவின் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குத் தென்னிந்திய ஸ்டெனோகிராபர் என்றால் தனி மதிப்பு. கிளைவ் தெரு அலுவலகங்களின் கடிதப் போக்குவரத்தில் கணிசமான பகுதி அவர்களின் விரல் நுனியில் பிறந்தது.

நாயரும் அந்த வரிசையில் வந்தவர்தான். தட்டச்சராக வேலை பார்த்தார். மத்திய அரசின் மானிடவியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். பின்பு பத்திரிகைப் பணி. மற்றவர்கள் சாயங்காலம் அலுவலகத்தில் மூடி வைத்துவிட்டு வந்த டைப்ரைட்டரை அவர் வீட்டிலும் வைத்திருந்தார். அவருடைய ரெமிங்டன் இயந்திரம் கல்கத்தாவில் அவரளவுக்கே பிரபலம். கணினி வந்து எல்லார் மேஜையிலும் உட்கார்ந்த பிறகும் அவர் மாறவில்லை. சம்பாதிக்கக் கற்ற வித்தையையே சரித்திரம் எழுதும் கருவியாக்கிக்கொண்டார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் சுருக்கம்.

இதற்கு விலையும் இருந்தது. மனைவி கேரளத்தில் பள்ளி ஆசிரியை. குடும்பம் அங்கே, அவர் இங்கே. பவானிப்பூரில் காஞ்சாரிபாரா சாலையில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். அதில் புத்தகங்களுக்கு இடம் போக மிச்சம் அவருக்கு. இதுபோன்ற நூல்கள் ஆயிரக்கணக்கில் விற்பவை அல்ல. ஒரு நகரத்தின் சரித்திரத்தை எழுத, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல்களுக்கு அப்பால் இன்னொரு வீட்டில் குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கும் அந்த அறுபது நூல்களில் பங்கு உண்டு.

நூலகச் சீட்டும் நடைப்பயணமும்

பவானிப்பூரிலிருந்து அலிப்பூருக்கு அதிக தூரம் இல்லை. அங்கே பெல்வெடேர் மாளிகை வளாகத்தில் இருக்கிறது தேசிய நூலகம். கர்சன் பிரபு காலத்தில் 1903-ல் இம்பீரியல் நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் பெயர் மாறி, 1953 முதல் பெல்வெடேரில் இயங்கிவந்த நிறுவனம். நாயர் அங்கே நடந்தே போவார், நடந்தே வருவார். அந்த நூலகம் அவருக்குப் பல்கலைக்கழகமாக இருந்தது.

தெருச் சரித்திரம் எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசர்களைப் பற்றி எழுத ஏற்கெனவே எழுதப்பட்ட நூறு புத்தகங்கள் உண்டு. ஒரு சந்தைப் பற்றி எழுத அப்படி எதுவும் கிடையாது. கம்பெனிக் காலத்துக் கடிதங்கள், நகராட்சிக் குறிப்புகள், பயணிகளின் நாட்குறிப்புகள், தொட்டால் பொடியாகும் பழைய பத்திரிகைகள், பழைய வரைபடங்கள் என்று எல்லாவற்றிலும் துழாவ வேண்டும். ஆண்டுதோறும் அச்சான நகர டைரக்டரிகள் இருக்கின்றன. எந்தத் தெருவில் எந்த எண்ணுள்ள வீட்டில் யார் குடியிருந்தார் என்று அவை சொல்லும். இரண்டு ஆண்டுகளின் டைரக்டரியை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஒரு வீடு எப்போது கைமாறியது, தெருவின் பெயர் எப்போது மாறியது என்று தெரியவரும். ஒரு வரி எழுத ஒரு வாரம் போகும். அந்த ஒரு வரியைப் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பிறகு அந்த வரியைச் சரிபார்க்கத் தெருவுக்கே போக வேண்டும். கல்கத்தா அதற்கு ஏற்ற ஊர். அதன் இடப்பெயர்களைப் பிரித்தாலே பழைய ஊர் எழுந்து நிற்கும். ‘பாரா’ என்றால் குடியிருப்பு. ‘தலா’ என்றால் மரத்தடி அல்லது ஒரு கோயிலடி. ‘புகுர்’ என்றால் குளம். வேப்பமரத்தடி நிம்தலா, பனைமரத்தடி தால்தலா, ஆலமரத்தடி பட்தலா. குயவர்கள் வாழ்ந்தது குமார்துலி, தையற்காரர்கள் வாழ்ந்தது தர்ஜிபாரா. நாயர் குடியிருந்த காஞ்சாரிபாராவே வெண்கலப் பாத்திரம் செய்யும் கன்னார்களின் பெயரைத் தாங்கியது. நமது பாக்கங்களும் பேட்டைகளும் சொல்லும் அதே சேதிதான். மரமும் குளமும் போன பிறகு பெயர் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

ஆங்கிலப் பெயர்களிலும் கதை உண்டு. பார்க் தெரு என்றதும் உணவகங்களும் கிறிஸ்துமஸ் விளக்குகளும் நினைவுக்கு வரும். 18-ம் நூற்றாண்டில் அதன் பெயர் ‘புதைகாட்டுச் சாலை’. 1767-ல் திறக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி என்பதால் அந்தப் பெயர். தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மான் பூங்கா அங்கே இருந்ததால் பிற்பாடு ‘பார்க்’ ஒட்டிக்கொண்டது. 2004-ல் அது அன்னை தெரசா சரணி ஆயிற்று. சர்குலர் ரோடு நீண்டு கிடப்பது, மராட்டியப் படைக்குப் பயந்து 1742-ல் வெட்டத் தொடங்கி, அவர்கள் வராமற்போனதால் பாதியில் விடப்பட்ட அகழியின் மேல். பயம் தூர்ந்து சாலையானது. இப்படிப்பட்ட நகரத்தில் ஒரு பெயர்ப்பலகையைக் கழற்றுவது ஒரு புத்தகத்தின் பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம். கிழிப்பதற்கு முன் படியெடுத்து வைத்தவர் நாயர்.

புல் வெட்டிய கதை

கல்கத்தாவுக்குப் பெயர் வந்தது எப்படி என்று ஒரு பிரபலமான கதை உண்டு. வெள்ளைக்காரன் ஒருவன் புல் வெட்டுகிறவனிடம் ஊர்ப்பெயர் கேட்டான். புல்லை எப்போது வெட்டினாய் என்று கேட்பதாக நினைத்து அவன் ‘கால் காட்டா’, அதாவது ‘நேற்று வெட்டியது’ என்றான். வெள்ளைக்காரன் அதையே எழுதிக்கொண்டான். சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே, அக்பர் காலத்து வருவாய்ப் பட்டியலிலேயே அந்தப் பெயர் இடம்பெற்றிருக்கிறது. ஊர்ச் சரித்திரக்காரனின் முதல் எதிரி மறதி அல்ல, சுவையான கதை. மறந்ததைத் தேடி எடுக்கலாம். நம்பிவிட்டதைப் பிடுங்குவது கடினம்.

நகரத்தை யார் நிறுவினார் என்பதில் வழக்கே நடந்தது. 1690 ஆகஸ்ட் 24-ல் சுதானுதி கிராமத்தில் வந்திறங்கிய கம்பெனி ஏஜெண்ட் ஜாப் சார்னாக்தான் நிறுவியவர், அந்த நாளே நகரத்தின் பிறந்தநாள் என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. சார்னாக் மதராஸிலிருந்து கப்பலேறித்தான் அங்கே போனார். அவருடைய பெண்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தில். கல்கத்தாவில் அவருடைய கல்லறைக் கல்லும் நமது பல்லாவரம் பகுதிப் பாறை. அந்தப் பாறை வகைக்கே 1893-ல் ‘சார்னாக்கைட்’ என்று புவியியலாளர் ஹாலண்ட் பெயர் வைத்தார்.

1698-ல் சுதானுதி, கோவிந்தப்பூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமையைக் கம்பெனிக்குக் கைமாற்றிய சவர்ண ராய் சௌத்ரி ஜமீன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இந்தப் பிறந்தநாளை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் சரித்திர வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. சார்னாக் வருவதற்கு முன்பே அங்கே ஊர்கள் இருந்தன, எனவே அவரை நிறுவனர் என்று சொல்ல முடியாது, நகரத்துக்குப் பிறந்தநாளும் கிடையாது என்று 2003 மே மாதம் தீர்ப்பாயிற்று.

நாயரின் 1977-ம் ஆண்டு நூலின் தலைப்பே சார்னாக்கை நிறுவனர் என்றுதான் சொல்கிறது. தீர்ப்பின் பக்கம் நிற்பவர்கள் அவருடைய முடிவை ஏற்க மாட்டார்கள். ஆனாலும் சார்னாக் பற்றிச் சண்டை போட விரும்புகிற இரு தரப்பாருக்கும் வேண்டிய ஆதாரங்களை ஒரே இடத்தில் குவித்து வைத்த நூல் அது. முடிவு பழசாகலாம். திரட்டி வைத்த சான்று பழசாகாது.

குறை சொல்ல இடமில்லாமலும் இல்லை. நாயரின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கில ஆவணங்களின் தோளில் நிற்பவை. கம்பெனியும் அதன் எழுத்தர்களும் பார்த்த கல்கத்தா அவற்றில் துலக்கமாகத் தெரியும். வங்காளிக் குடும்பங்களின் உள்முற்றத்திலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்த கல்கத்தா அந்த அளவுக்குத் தெரியாது. பல நூல்கள் கதை சொல்வதைவிடத் தொகுப்பதிலேயே அக்கறை காட்டுகின்றன. பக்கம் பக்கமாகப் பழைய எழுத்துகளை எடுத்துப் போடும் இந்த வழக்கம் வாசகனைக் களைப்படையச் செய்யும். ஆனால் அடுத்து வரும் ஆராய்ச்சியாளனுக்கு அதுவே வரம்.

வேலூரிலிருந்து டாலிகஞ்ச்

நாயரின் ஆர்வத்துக்கு எல்லை இருந்ததாகத் தெரியவில்லை. 1780-ல் இந்தியாவின் முதல் பத்திரிகையை நடத்தி ஆட்சியாளர்களிடம் சிக்கிச் சீரழிந்த ஹிக்கியைப் பற்றி ஒரு நூல். பிராமி எழுத்தின் புதிரை 1830களில் விடுவித்த ஜேம்ஸ் பிரின்செப் பற்றி ஒன்று. கல்கத்தா போலீஸின் தோற்றம் பற்றி ஒன்று. நடுவே மயிலைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும்கூடத் தனி நூல்கள். ஆசியக் கழகத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தவரும் அவரே.

தமிழ் வாசகர்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியது 2004-ல் வெளிவந்த ‘சவுத் இண்டியன்ஸ் இன் கொல்கத்தா’. கன்னடர், கொங்கணியர், மலையாளிகள், தமிழர், தெலுங்கர் ஆகியோர் அந்த நகரத்துக்கு வந்து வேரூன்றிய வரலாறு. தென்னிந்தியச் சாப்பாட்டுக்கும் அதில் இடம் உண்டு, திப்பு சுல்தானின் வாரிசுகளுக்கும் இடம் உண்டு.

திப்புவுக்கும் கல்கத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு விடை வேலூரில் இருக்கிறது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த பின் திப்புவின் குடும்பத்தை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சந்தேகம் இளவரசர்கள் மேல் விழுந்தது. இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு டாலிகஞ்சில் குடியேறினார்கள். இன்று தென் கொல்கத்தாவில் போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன பிரின்ஸ் அன்வர் ஷா சாலை அந்த வம்சத்தின் பெயரைத் தாங்குவது. திப்புவின் கடைசி மகன் குலாம் முகமது 1842-ல் கட்டிய மசூதி தர்மதலாவில் நிற்கிறது. தர்மதலாத் தெருவுக்கு இப்போது லெனின் சரணி என்று பெயர். மைசூர் இளவரசன் கட்டிய பள்ளிவாசல், ரஷ்யப் புரட்சிக்காரரின் பெயர் தாங்கிய தெருவில், காளி கோயிலால் புகழ்பெற்ற நகரத்தில். கல்கத்தாவை விளக்க இந்த ஒரு முகவரி போதும்.

அதே நகரத்தின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் மல்லிகைச் சரமும் கிடைக்கும் இடம் என்று அங்கே கேட்டால் வங்காளிகளே வழி சொல்வார்கள். ஓய்வு பெற்றவர்கள் பலர் சென்னைக்கும் கோவைக்கும் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இப்படிக் கலைந்துகொண்டிருக்கும் ஒரு சமூகத்துக்கு, தான் அங்கே இருந்ததற்கான எழுத்துச் சான்றை ஒரு மலையாளி தேடித் தொகுத்துக் கொடுத்திருக்கிறார். மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் இருக்கும் வாசகர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்: தங்கள் பகுதியில் முதல் மெஸ் எப்போது வந்தது, முதல் பஜனை மடம் யார் வீட்டு மாடியில் நடந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

வந்தவர்கள் எழுதிய ஊர்

நாயர் தனி மனிதர் என்றாலும் தனி உதாரணம் அல்ல. சென்னையின் சரித்திரத்தைச் சென்னைக்காரர்களுக்கே அறிமுகப்படுத்திய எஸ். முத்தையா, இளமையைக் கொழும்பில் கழித்து, அங்கே பத்திரிகையாளராக இருந்து, 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்தவர். 2019-ல் மறைந்தார். பழைய டெல்லியின் சந்துகளையும் ஜின்களையும் பற்றி ஓயாமல் எழுதிய ஆர்.வி. ஸ்மித் ஆக்ராவிலிருந்து வந்தவர். 2020-ல் மறைந்தார். மூன்று நகரங்கள், மூன்று பேர். மூவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். மூவரும் எழுத்தையும் பத்திரிகையையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரில் யாரும் வழி கேட்பதில்லை. தெருவின் பெயர் பாட்டி சொன்னது, அவ்வளவுதான். புதிதாக வந்தவன்தான் ஒவ்வொரு முனையிலும் நின்று இது எந்தத் தெரு என்று கேட்கிறான். பெரும்பாலானவர்கள் வழி தெரிந்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்குமேல் கேட்டுக்கொண்டே இருந்தவர் நாயர்.

முத்தையாவுக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. நண்பர்களோடு சேர்ந்து அவர் 2004-ல் தொடங்கிய மெட்ராஸ் தினம் இன்று ஆகஸ்ட் மாதம் முழுவதும் நடைபயணமாகவும் சொற்பொழிவாகவும் வளர்ந்திருக்கிறது. அவர் போன பிறகும் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நாயர் எழுப்பியது இயக்கம் அல்ல, அலமாரி. தான் சேர்த்த சுமார் 3,000 அரிய நூல்கள் கல்கத்தாவை விட்டுப் போகக்கூடாது என்று விரும்பினார். அவை டவுன் ஹால் நூலகத்துக்குச் சேர்ந்தன. அவருடைய சொந்த நூல்களில் பலவற்றை இன்று பழைய புத்தகக் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. நாளைக்கு ஒரு மாணவிக்குத் தன் தெருவின் பழைய பெயர் தெரிய வேண்டுமென்றால் அவளுக்கு எளிதாகக் கிடைப்பது எது? நாயர் சரிபார்த்த வரியா, அல்லது கைபேசியில் சுற்றி வரும் புல் வெட்டிய கதையா?

இதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. அவருடைய தெருச் சரித்திரத்தை மறுபதிப்புச் செய்யலாம். வங்காளத்தில் மொழிபெயர்த்துப் பள்ளி நூலகங்களில் வைக்கலாம். தெரு முனைகளில் புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரையும் சிறிய எழுத்தில் எழுதலாம். மற்ற ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. எல்லாத் தெருவிலும் ஒரு நாயர் கிடைக்க மாட்டார். ஆனால் எல்லாப் பேட்டையிலும் பழைய ரசீதுகளையும் புகைப்படங்களையும் எறிய மனமில்லாமல் வைத்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். வீட்டார் அதைக் குப்பை என்பார்கள். அவர் போன மறுவாரம் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அதற்கு முன் ஒரு முறை அவரிடம் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

தெருவின் பெயரை மாற்ற ஒரு மாநகராட்சித் தீர்மானம் போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும். அங்கே அதற்கு முன் என்ன இருந்தது என்று எழுதி வைக்க ஒரு மனிதனின் 63 ஆண்டுகள் தேவைப்பட்டன.